ஒரு மருந்தும் ஒரு பறவையும்: சூழ்நிலைத் தொகுதியில் ஒரு மாற்றத்தின் தொடர் விளைவுகள்

ஒரு சூழ்நிலைத் தொகுதியில் வாழும் உயிர்கள் உணவாலும் கழிவாலும் நோயாலும் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. ஆகவே அதன் ஓர் உறுப்பில் ஏற்படும் மாற்றம் அவ்வுறுப்போடு நின்றுவிடுவதில்லை. பாடநூல்கள் இவ்வுண்மையைப் புல், மான், புலி என்னும் காட்டு எடுத்துக்காட்டுகளால் விளக்குவது வழக்கம். ஆனால் உழவரின் மாட்டுத் தொழுவத்தில் தொடங்கி மாவட்ட மருத்துவமனையில் முடிந்த ஒரு தொடர் நிகழ்ச்சி நம் நாட்டிலேயே அண்மைக் காலத்தில் நடந்துள்ளது. 1990-களில் ஒரு வலி நிவாரணி மருந்தின் விலை குறைந்தது. அதன் விளைவாகப் பல லட்சம் மனித உயிர்கள் இழக்கப்பட்டிருக்கலாம் என்று பொருளாதார ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே நிற்பது பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகு ஆகும்.

விலையில்லாப் பணி

2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடுகளும் எருமைகளும் சேர்ந்து சுமார் 30 கோடி. இவற்றுள் பெரும் பகுதி இறைச்சிக்காகக் கொல்லப்படாமல் முதுமையாலும் நோயாலும் இறப்பவை. இறந்த மாட்டை ஊருக்கு வெளியே ஒரு குறிப்பிட்ட இடத்தில் போடுவது பல மாநிலங்களில் நெடுங்கால வழக்கம். தோல் தொழிலாளர்கள் தோலை உரித்துச் செல்வர். பாறுகள் கூட்டமாக இறங்கிச் சதையைத் தின்று தீர்க்கும். எஞ்சிய எலும்பைப் பொறுக்குவோர் எடுத்துச் சென்று விற்பர். ஒரு மாட்டின் உடலைப் பாறுக்கூட்டம் ஒரு மணி நேரத்திற்குள் வெறும் எலும்புக்கூடாக்கிவிடும். அவற்றின் வயிற்றிலுள்ள கடும் அமிலம் நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவற்றை அழித்துவிடுகிறது.

இப்பணிக்கு எந்த ஊராட்சியும் கூலி கொடுத்ததில்லை. எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இதற்கு நிதி ஒதுக்கப்பட்டதில்லை. விலையில்லாத பணி தேசிய வருமானக் கணக்கில் இடம் பெறுவதுமில்லை. அதனால் அப்பணி நின்றபோது அதை உடனே அறிந்துகொள்ளும் ஏற்பாடு நிருவாகத்தில் எங்கும் இருக்கவில்லை.

வீழ்ச்சியும் காரணமும்

இந்தியாவில் மிகுதியாகக் காணப்பட்டவை வெண்முதுகுப் பாறு, நீண்ட அலகுப் பாறு, மெல்லிய அலகுப் பாறு என்னும் மூன்று இனங்கள். இராஜஸ்தானில் பரத்பூரை அடுத்த கேவலாதேவ் தேசியப் பூங்காவில் இவற்றின் எண்ணிக்கை வேகமாகக் குறைந்து வருவதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் கண்டறிந்து 1999-இல் வெளியிட்டார். பின்னர் நாடெங்கும் சாலை வழியே நடத்தப்பட்ட கணக்கெடுப்புகள் நிலைமையின் கடுமையை வெளிப்படுத்தின. 1992-க்கும் 2007-க்கும் இடையே வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்திருந்தது. அதாவது ஆயிரம் பறவைகள் இருந்த இடத்தில் ஒன்றே எஞ்சியது. மற்ற இரு இனங்கள் ஏறத்தாழ 97 சதவீதம் குறைந்திருந்தன.

முதலில் ஏதோ ஒரு தொற்றுநோயே காரணம் என்று கருதப்பட்டது. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் இறந்த பறவைகளை ஆராய்ந்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் 2004-இல் உண்மையை வெளியிட்டனர். சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் படிந்து இறந்திருந்த 25 பறவைகளைச் சோதித்தபோது அனைத்திலும் டைக்ளோஃபெனாக் என்னும் மருந்தின் எச்சம் இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13 பறவைகளில் ஒன்றில்கூட அது இல்லை.

டைக்ளோஃபெனாக் மனிதருக்கு மூட்டுவலிக்கும் வீக்கத்திற்கும் கொடுக்கப்படும் பழைய மருந்து. காப்புரிமைக் காலம் முடிந்து 1990-களின் முற்பகுதியில் பல நிறுவனங்கள் இதை மலிவாகத் தயாரிக்கத் தொடங்கியதும், இது கால்நடை மருத்துவத்திலும் பரவியது. நொண்டும் உழவு மாட்டிற்கும் மடிவீக்கம் கண்ட பசுவிற்கும் ஓர் ஊசியில் வலி தணிந்தது. மருந்து கொடுக்கப்பட்ட ஓரிரு நாட்களில் மாடு இறந்துவிட்டால், அதன் உடலைத் தின்ற பாறுகளும் மடிந்தன.

இங்கு ஒரு கணக்கு கவனிக்கத்தக்கது. பாறுகள் நெடுந்தொலைவு பறந்து இரை தேடுபவை. ஓர் உடலைப் பல பறவைகள் சேர்ந்து தின்பவை. எனவே நூறு உடல்களில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்நஞ்சு இருந்தாலே இவ்வளவு பெரிய வீழ்ச்சிக்குப் போதுமானது என்று கணக்கிடப்பட்டது. இந்தியாவில் 2004-05-இல் சோதிக்கப்பட்ட கால்நடை உடல்களில் சுமார் 10 சதவீதத்தில் இம்மருந்து காணப்பட்டது.

காலியிடத்தை நிரப்பியவை

ஓர் உயிரினம் மறைந்தால் அது உண்டு வந்த உணவு எஞ்சிநிற்கும். அவ்வுணவைத் தேடி வேறு உயிரினம் வரும். பாறுகள் இல்லாத இடங்களில் உடல்கள் நாட்கணக்கில் அழுகிக் கிடந்தன. தெருநாய்களும் எலிகளும் அவற்றை நாடின. ஆனால் நாய் பாறுக்கு மாற்றாகாது. அது உடலை முழுமையாகத் தின்று தீர்ப்பதில்லை. பாறு ஆண்டிற்கு ஒரே ஒரு முட்டை இடுகிறது; நாயோ ஒரே ஈற்றில் பல குட்டிகள் ஈன்று விரைவாகப் பெருகுகிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, அது மனிதரிடையே வாழ்கிறது; ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோயைப் பரப்புகிறது. இந்நோயின் அறிகுறிகள் தோன்றிய பின் பிழைப்பது ஏறத்தாழ இயலாது.

விளைவுகள் வேறு திசைகளிலும் பரவின. எலும்பு பொறுக்குவோர்க்குச் சுத்தமான எலும்பு கிடைப்பது அரிதாயிற்று. மும்பையில் பார்சி சமூகத்தினர் இறந்தோரின் உடலைப் பறவைகளுக்கு அளிக்கும் தொன்மையான வழக்கம் தடைப்பட்டது. சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளை அவர்கள் நிறுவ வேண்டியதாயிற்று.

இழப்பின் மதிப்பு

இவ்விளைவுகளைப் பண அளவில் மதிப்பிடும் முயற்சி 2008-இல் அனில் மார்க்கண்டேயா குழுவினரால் வெளியிடப்பட்டது. பாறுகளின் வீழ்ச்சியால் நாய்களின் எண்ணிக்கை 55 லட்சம் கூடியதென்றும், 1992 முதல் 2006 வரை வெறிநாய்க்கடியால் கூடுதலாக 47,000-க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கக்கூடும் என்றும், இழப்பு 3,400 கோடி டாலர் அளவினதென்றும் அவர்கள் கணித்தனர்.

2024-இல் ஆயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்னும் பொருளாதார அறிஞர்கள் வேறொரு முறையைக் கையாண்டனர். பாறுகள் வாழ ஏற்றவையாக இருந்த மாவட்டங்களையும் அவ்வாறு இல்லாத மாவட்டங்களையும், மருந்து பரவுவதற்கு முன்னும் பின்னும் அவர்கள் ஒப்பிட்டனர். முன்பு இருவகை மாவட்டங்களிலும் இறப்பு விகிதம் ஒரே போக்கில் இருந்தது. பின்னர் முதல் வகை மாவட்டங்களில் அது 4 சதவீதத்திற்கும் மேலாக உயர்ந்தது. 2000 முதல் 2005 வரை ஆண்டுதோறும் சுமார் ஒரு லட்சம் கூடுதல் இறப்புகள் நேர்ந்தன என்பது அவர்கள் முடிவு. இழப்பின் மதிப்பு ஆண்டிற்கு 6,900 கோடி டாலருக்கும் மேல். அதே காலத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் விற்பனை உயர்ந்ததும் நீர்நிலைகளின் தூய்மை கெட்டதும் இம்முடிவிற்கு ஆதரவாகக் காட்டப்படுகின்றன.

இரு மதிப்பீடுகளும் பெரிதும் வேறுபடுவதற்குக் காரணம் உண்டு. முன்னது வெறிநாய்க்கடியை மட்டுமே கணக்கிட்டது. பின்னது எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த இறப்புகளைச் சேர்த்தது. மதிப்பீடுகளின் அளவு எதுவாயினும், அவை காட்டும் திசை ஒன்றே.

இத்தொடரில் எவர் மீதும் எளிதில் குற்றம் சாட்ட இயலாது. உழவர் தம் மாட்டின் வலியைத் தணிக்க மலிவான மருந்தை வாங்கினார். கால்நடை மருத்துவர் பயனுள்ள மருந்தைப் பரிந்துரைத்தார். உற்பத்தியாளர் தேவையை நிறைவு செய்தார். ஒவ்வொருவரின் கணக்கும் அவரளவில் சரியே. ஆனால் மருந்தின் விலையில் அதன் முழுச் செலவும் அடங்கியிருக்கவில்லை. அச்செலவைத் தெருவில் நாயால் கடிபட்ட குழந்தையும் அதன் குடும்பமும் செலுத்தினர். தனியார் செலவிற்கும் சமூகச் செலவிற்கும் உள்ள இவ்விடைவெளியைச் சந்தை தானாக நிரப்புவதில்லை. அதனை நிரப்புவது அரசின் கடமையாகும்.

அரசின் நடவடிக்கை

டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்கெனத் தயாரிப்பதை மத்திய அரசு 2006-இல் தடை செய்தது. நேபாளமும் பாகிஸ்தானும் அதே ஆண்டிலும், வங்காளதேசம் 2010-இலும் தடை விதித்தன. மெலாக்சிகம் என்னும் மருந்து பாறுகளுக்குத் தீங்கற்றது என மெய்ப்பிக்கப்பட்டதால், உழவரை மாற்று இன்றிக் கைவிடாமல் இத்தடையை விதிக்க முடிந்தது. எனினும் மனிதருக்கான பெரிய மருந்துக் குப்பிகள் மாட்டிற்குப் பயன்படுத்தப்பட்டு வந்தன. எனவே 2015-இல் இம்மருந்தின் ஊசிக் குப்பி 3 மில்லிலிட்டர் கொண்ட ஒரு வேளை அளவாகக் குறைக்கப்பட்டது.

மற்ற மருந்துகளின் வரலாறு அத்துணை விரைவானதன்று. கீட்டோபுரோஃபென் பாறுகளைக் கொல்லும் என்பது 2010-இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது. மாட்டின் உடலில் அசிக்ளோஃபெனாக் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது என்பதும் 2016-இல் அறியப்பட்டது. இவ்விரண்டும் கால்நடைப் பயன்பாட்டிற்கு 2023-இல்தான் தடை செய்யப்பட்டன. நிமிசுலைடு 2024-இன் இறுதியில் அப்பட்டியலில் சேர்ந்தது.

ஹரியானாவில் பிஞ்சூர், மேற்கு வங்கத்தில் ராஜாபட்காவா, அசாமில் ராணி, மத்தியப் பிரதேசத்தில் போபால் ஆகிய இடங்களில் இனப்பெருக்க நிலையங்கள் அமைக்கப்பட்டன. தெற்கே நீலகிரியை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்கில் வெண்முதுகுப் பாறுகள் சிறு எண்ணிக்கையில் இன்றும் கூடு கட்டுகின்றன. வீழ்ச்சியின் வேகம் தடுக்கப்பட்டுள்ளது. ஆனால் பழைய நிலை திரும்பவில்லை. பாறு இனப்பெருக்கம் செய்யும் வயதை அடையவே ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். ஓராண்டில் ஒரு குஞ்சிற்கு மேல் வளர்ப்பதில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இழந்ததை மீட்கப் பல பத்தாண்டுகள் தேவைப்படும்.

கொள்கைக்கான பாடங்கள்

முதலாவதாக, ஒரு மருந்து எந்த உயிருக்குக் கொடுக்கப்படுகிறதோ அவ்வுயிருக்குப் பாதுகாப்பானதா என்று மட்டும் சோதிப்பது போதாது. அவ்வுயிரின் உடலை உண்ணும் பிற உயிர்களுக்கும் அது பாதுகாப்பானதா என்பது உரிமம் வழங்குமுன் கேட்கப்பட வேண்டிய கேள்வி. அழிவு நேர்ந்த பின் மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்வது செலவு மிகுந்த வழி.

இரண்டாவதாக, நூற்றில் ஒன்றே கேட்டிற்குப் போதுமான இடத்தில், தொண்ணூறு சதவீதம் செயல்படும் தடை செயல்படாத தடைக்கு ஒப்பாகும். ஆகவே மாவட்ட அளவில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் கால்நடைத் துறையும் வனத்துறையும் இணைந்து மருந்துக் கடைகளைக் கண்காணிப்பதும், கால்நடை உடல்களிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிப்பதும் இன்றியமையாதவை.

மூன்றாவதாக, பாறுகள் மீளும் வரை அவற்றின் பணியை மனிதர் ஏற்றாக வேண்டும். இறந்த கால்நடைகளை முறையாக அகற்றுதல், நாய்களுக்குத் தடுப்பூசி போடுதல், ஆரம்பச் சுகாதார நிலையங்களில் வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்தை எப்போதும் இருப்பில் வைத்தல் ஆகியவை வெவ்வேறு துறைகளின் தனித்தனிச் செலவுகளாகத் தோன்றினாலும், ஒரே இழப்பை ஈடுசெய்யும் செலவுகளே.

பாறுகள் பெருமளவில் இருந்த காலத்தில் அவற்றின் பணிக்கு என்ன மதிப்பு என்று எவரும் கேட்கவில்லை. இன்று அம்மதிப்பு தெரியும். அது தடுப்பூசிச் செலவிலும் இறப்புப் பதிவேட்டிலும் எழுதப்பட்டுள்ளது. அடுத்த மருந்திற்கு உரிமம் கோரும் விண்ணப்பம் மேசைக்கு வரும்போது, அம்மருந்து மாட்டின் உடலோடு எங்குச் செல்லும் என்ற கேள்விக்கு விடை பெற்ற பின்னரே கையொப்பம் இடப்படுமாயின், இப்பாடம் பயன் தந்ததாகும்.