வானூர்தியின் மின்கலம்: பேணும் முறையும் மாற்றும் காலமும்

வயல்களில் மருந்து தெளிக்க, ட்ரோன் எனப்படும் ஆளில்லா வானூர்தி இன்று பயன்பட்டு வருகிறது. 2023-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த 'நமோ ட்ரோன் தீதி' திட்டம், 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு இக்கருவியை வழங்கும் நோக்குடையது. விலையில் 80 சதவீதம், 8 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாமல், மானியமாகும். கருவிக்குரிய மின்கலத் தொகுதியுடன் கூடுதலாக நான்கு தொகுதிகளும் இதில் அடங்கும். ஓராண்டு உத்தரவாதம் முடிந்தபின் அவற்றை மாற்றும் செலவு குழுவையே சாரும். ஆகவே, மின்கலத்தைப் பேணும் முறையை நாம் நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

வெப்பமே முதற்பகை

வேலூர், ஆம்பூர்ப் பகுதிகளில் கோடை வெயில் 40 பாகையைக் கடப்பதுண்டு. இறங்கியவுடன் சூடாக இருக்கும் மின்கலத்திற்கு உடனே மின்னேற்றம் செய்யலாகாது. நிழலில் வைத்து, முற்றும் ஆறியபின்னரே செய்யவேண்டும். தகரக் கொட்டகையிலும், வெயிலில் நிற்கும் வண்டியினுள்ளும் அதனை வைத்தல் கூடாது. காலணி வேலைக்குரிய பசையும் கரைப்பான்களும் எளிதில் தீப்பற்றுவன. அவை உள்ள இடத்திலும், வைக்கோற்போர் அருகிலும் மின்னேற்றம் அறவே கூடாது. மின்னேற்றம் நடைபெறும்போது ஒருவர் உடனிருத்தலும், அருகில் மணல் வாளி வைத்தலும் நலம்.

அளவறிந்து பயன்படுத்துக

லித்தியம் பாலிமர் மின்கலத்தின் ஒவ்வோர் அறையும் முழு மின்னேற்றத்தில் 4.2 வோல்ட் காட்டும். முற்றும் வடியும்வரை பறக்கவிட்டால் அது விரைவில் கெடும். ஐந்தில் ஒரு பங்கேனும் எஞ்சியிருக்கும்போதே கருவியைத் தரையிறக்குக. தெளிப்பு வேலை இல்லாத நாட்களில் அறைக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்திருப்பதே முறை.

மாற்றும் காலம்

ஒவ்வொரு தொகுதிக்கும் எண் இட்டு, ஒரு குறிப்பேட்டில் மின்னேற்றிய நாளையும் பறந்த நேரத்தையும் எழுதி வருக. புதிதில் பத்து நிமிடம் பறந்தது, அதே சுமையுடன் எட்டு நிமிடமாகக் குறைந்தால், மாற்றும் காலம் நெருங்கிற்று எனக் கொள்க. ஓர் அறையின் அழுத்தம் மற்றவற்றினும் தாழ்ந்து நிற்பதும், வழக்கத்திற்கு மிஞ்சிச் சூடேறுவதும் பழுதின் அறிகுறிகளே. உப்பிய மின்கலத்தை அன்றே விலக்கிவிடுக; அதனைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. இரண்டு மின்கலங்கள் சேர்ந்து இயங்கும் கருவியில் இரண்டையும் ஒருங்கே மாற்றுக. பழையதும் புதியதும் இணைந்தால், நலிந்தது முன்னதாக வடிந்து, வானூர்தி பயிரின்மேல் விழ நேரிடும்.

பாலாற்றை மறவோம்

தோல் பதனிடும் கழிவால் பாலாற்றுப் படுகை அடைந்த கேட்டை நாம் அறிவோம். 1996-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமே அதுபற்றித் தீர்ப்பளித்தது. பழைய மின்கலத்தை ஆற்றிலோ ஏரியிலோ குப்பைமேட்டிலோ எறிந்து மற்றுமொரு கேட்டை விளைவித்தல் தகாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளருக்கு விதித்துள்ளன. விற்றவரிடமே அவற்றை ஒப்படைத்தல் வேண்டும்.

தெளிக்கும் ஏக்கர் ஒவ்வொன்றின் வருவாயிலும் ஒரு சிறு தொகையைக் குழுவினர் ஒதுக்கி வருக. மின்னேற்றத்திற்கு நிழலும் காற்றோட்டமும் உள்ள பொது இடமொன்றை ஊராட்சி உறுப்பினர்கள் ஏற்பாடு செய்து தருக. அவ்வாறாயின், தெளிப்புக் காலம் வரும்போது கருவி முடங்காது. குழுவின் வருவாயும் குன்றாது.