காளையை அவசரப்படுத்த வேண்டாம்

2016 மே மாதம் அரநாயக்க மண்சரிவுக்குப் பின் இடம்பெயர்ந்தோர் உட்பட, நம்மில் பலர் ஒரு பசுவை நம்பியே மீண்டும் வாழ்வைத் தொடங்குகிறோம். காளைக்குக் கத்தும் நாளில் அது சினைப்படாவிட்டால் 21 நாள் வீண்; பாலும் அவ்வளவு தள்ளிப்போகும். ஆகவே காளையின் பக்கத்தையும் சற்றுக் கற்போம்.

மிருக வைத்திய அலுவலகத்திலிருந்து வரும் உறைவிந்து குண்டசாலை போன்ற நிலையங்களில் எடுக்கப்படுகிறது. விந்து எடுப்போர் காளையை உடனே ஏறவிடுவதில்லை. அசையாமல் நிற்கும் வேறொரு மாட்டைக் காட்டி, சில நிமிடம் பொறுக்க வைப்பர். ஏறியதும் இறக்கிவிடுவர். இப்படி இரண்டு மூன்று முறை செய்த பின்பே எடுப்பர். அப்போது விந்தணுக்கள் கூடுதலாக வரும். வேடிக்கை என்னவெனில், முன்னால் நிற்பது பெரும்பாலும் பசுவே அல்ல, இன்னொரு ஆண் மாடு! அதையே நாளும் காட்டினால் காளைக்குச் சலித்துவிடும். மாட்டையோ இடத்தையோ மாற்றினால் ஆர்வம் திரும்பும்.

கன்று முட்டியதும் பசு பாலை இறக்குகிறதல்லவா? அதைச் செய்யும் ஒட்சிடோசின்தான் காளையிலும் சுரந்து, சேர்ந்திருக்கும் விந்தணுக்களை முன்னே தள்ளுகிறது. குதிரையில் இது சற்று வேறு: பெண்குதிரையைக் காட்டினால் கூழ்நீர் பெருகும், அணுக்கள் அவ்வளவாகப் பெருகுவதில்லை.

நம் டிவிசனில் பொதுக்காளைக்கு விடுவோர்க்கு இந்தப் பயிற்சி அத்தனை அவசியமில்லை. நலமுள்ள காளையின் ஒரு ஏற்றத்திலேயே தேவைக்கு மேல் அணுக்கள் உண்டு. ஆனால் ஒரே நாளில் பல பசுக்களுக்கு விட்ட காளையிடம் கடைசியாக நம் பசுவைக் கொண்டுபோக வேண்டாம். முகர்ந்து பார்க்க நேரம் கொடுங்கள்; தடியால் அடித்து ஏற்றாதீர்கள்.