பந்து மின்னல்

மாணவர்களே, ஐப்பசி மாலையில் குரங்கணி மலைமேல் மின்னல் கோடாய்க் கிழித்து நொடிக்குள் மறைவதைக் கண்டிருப்பீர்கள். மிக அரிதாக, மின்னல் பந்து வடிவில் பல நொடிகள் மிதந்து, சில வேளை வெடித்தும் மறையும். உயிருள்ள பிராணிபோல் அது திரிவதாகக் கண்டவர்கள் சொல்வார்கள். 1753-இல் ரஷ்யாவில் இடிமின்னலை அளந்துகொண்டிருந்த ரிச்மன் என்ற விஞ்ஞானியின் நெற்றியில் நீலத் தீப்பந்து ஒன்று பாய்ந்ததாம். அவர் அங்கேயே மாண்டார். (ஏலத்தோட்டத்து உயர்ந்த மரங்களின் கீழ் இடிமழைக்கு ஒதுங்குகிறவர்களுக்குச் சாதாரண மின்னலே எமன்தான்!)

இதில் சிக்கல் என்ன? வெறும் சூடான காற்றுருண்டை என்றால் அது மேலெழும்பி விரைவில் குளிர்ந்துவிட வேண்டும். இதுவோ தரையோரமாக ஊர்கிறது. அப்படியானால் ஒளிர்வதற்கு ஆற்றல் எங்கிருந்து கிடைக்கிறது?

2000-இல் நியூசிலாந்தின் ஆபிரகாம்சனும் டின்னிசும் ஒரு விளக்கம் தந்தனர். மின்னல் மண்ணில் பாயும்போது, அதிலுள்ள சிலிக்கா கார்பனோடு வினைபுரிந்து சிலிக்கன் ஆவியாகிறது. ஆவி குளிர்ந்து நுண்துகள்களாகிறது. அவை காற்றிலுள்ள ஆக்சிஜனில் மெல்ல எரிந்து ஒளிர்கின்றன. 2012-இல் சீனாவின் சிங்ஹாய் பீடபூமியில், மின்னலை ஆராய்ந்துகொண்டிருந்தவர்களின் கருவியில் தற்செயலாக ஒரு பந்து மின்னல் சிக்கியது. அதன் நிறமாலையில் சிலிக்கன், இரும்பு, கால்சியம் ஆகியவற்றின் கோடுகள் தெரிந்தன. மூன்றும் மண்ணில் உள்ள தனிமங்களே!

ஆனால், 1963-இல் பறந்துகொண்டிருந்த விமானத்துக்குள் ஒளிப்பந்து ஒன்று நகர்ந்ததை ஜெனிசன் என்ற பேராசிரியர் நேரில் கண்டு எழுதியிருக்கிறார். விமானத்தில் மண் ஏது? பந்து மின்னல் ஒரே வகை அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.