லினக்ஸில் கிராபிக்ஸ் டிரைவர்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஐதராபாத் மல்காஜ்கிரியில் இருப்பவர்கள் கம்ப்யூட்டர் பாகம் வாங்கச் சிகந்திராபாத் பார்க்லேனுக்குப் போவது வழக்கம். அங்கே சிடிசி எனப்படும் செனாய் டிரேட் சென்டரில் விலையையும் மெமரியையும் கேட்டுக் கிராபிக்ஸ் கார்டு வாங்கிவிடுகிறோம். லினக்ஸ் போடப்போகிறவர்கள் டிரைவரைப் பற்றியும் கேட்க வேண்டும். டிரைவரின் மூல நிரல் நிறுவனத்தின் கையில் மட்டும் இருந்தால், நாம் காசு கொடுத்து வாங்கிய கார்டின் ஆயுளையும் அந்த நிறுவனமே முடிவு செய்யும்.

செய்ய வேண்டியவை

1. வாங்கும் முன்பே டிரைவரை விசாரியுங்கள். இன்டெல், ஏஎம்டி கார்டுகளுக்கான, மூல நிரல் எவருக்கும் திறந்திருக்கும் கட்டற்ற டிரைவர்கள் லினக்ஸ் கெர்னலிலும் மெசா தொகுப்பிலும் சேர்ந்தே வருகின்றன. ஏஎம்டி 2007-இல் தன் சிப்புகளின் தொழில்நுட்ப ஆவணங்களை வெளியிட முன்வந்தது இதற்குப் பெரிதும் உதவியது. இவற்றுக்கும் மூடிய ஃபர்ம்வேர் கோப்புகள் தேவை. டெபியன் 12 முதல் இன்ஸ்டாலரிலேயே அவை கிடைக்கின்றன.

2. என்விடியா என்றால் எந்தத் தலைமுறை என்று பாருங்கள். ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசைகளும் அவற்றுக்குப் பின் வந்தவையும் மேல். இவற்றுக்கான கெர்னல் பகுதியின் மூல நிரலை என்விடியா 2022 மே மாதம் வெளியிட்டது. மெசாவில் என்விகே என்ற கட்டற்ற வல்கன் டிரைவரும் இவற்றுக்கு உண்டு.

3. மூல நிரல் மூடிய தனியுரிம டிரைவர் வேண்டியே ஆக வேண்டுமென்றால் உங்கள் டிஸ்ட்ரோவின் களஞ்சியத்திலிருந்தே நிறுவுங்கள். டெபியனில் நான்-ஃப்ரீ பிரிவு, உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்'. அப்டேட்டின்போது கெர்னலுக்கும் டிரைவருக்கும் பொருத்தம் கெடாமல் டிஸ்ட்ரோவைப் பராமரிப்பவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

4. செக்யூர் பூட் இயங்கினால், தனியுரிம டிரைவரை நிறுவும்போது நீங்கள் கொடுக்கும் பாஸ்வேர்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் நீலத் திரையில் 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்து அதைத் தட்ட வேண்டும். இதைத் தவறவிட்டால் டிரைவர் ஏறாது.

5. நன்றாக ஓடிய பழைய கெர்னல் ஒன்றை எப்போதும் விட்டுவையுங்கள். அப்டேட்டுக்குப் பின் திரை கறுத்துப்போனால், பூட் மெனுவில் அதைத் தேர்ந்து உள்ளே போகலாம்.

செய்யக்கூடாதவை

1. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைக் கார்டுகளை லினக்ஸுக்கு வாங்காதீர்கள். என்விடியாவின் 580 வரிசை டிரைவரோடு இவற்றுக்கான ஆதரவு முடிகிறது. கட்டற்ற நூவோ டிரைவரும் இவற்றைக் கைதூக்கிவிட முடியாது. கார்டின் வேகத்தைக் கூட்ட என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் வேண்டும். அந்த ஃபர்ம்வேர் நூவோவை எழுதும் தன்னார்வலர்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் கார்டு தொடக்க வேகத்திலேயே தேங்கிவிடும். நல்ல நிலையில் இருக்கும் கார்டுகள் இப்படித்தான் குப்பைக்குப் போகின்றன.

2. நிறுவனத் தளத்திலிருந்து '.ரன்' கோப்பை இறக்கி நேரடியாக ஓட்டாதீர்கள். டிஸ்ட்ரோவின் பேக்கேஜ் கணக்கில் அது வராது; பின்னால் நீக்குவதும் தலைவலி.

3. கெர்னல் பகுதி திறந்துவிட்டதால் என்விடியா டிரைவர் முழுவதும் கட்டற்றதாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். அதன் ஓப்பன்ஜிஎல், வல்கன் நூலகங்களும், கார்டில் கணக்கீடு செய்வதற்கான கூடா நூலகங்களும் இன்றும் மூடியவையே.

4. தனியுரிம டிரைவர் ஏறியிருக்கும்போது நேர்ந்த பிழையைக் கெர்னல் குழுவுக்கு அப்படியே அனுப்பாதீர்கள். அந்தக் கெர்னலைக் கறைபட்டது என்று லினக்ஸே குறித்துவைக்கும். மூல நிரலைப் பார்க்க முடியாத இடத்தில் அவர்களால் பிழை தேட முடியாது. டிரைவரை நீக்கிவிட்டு, அதே பிழை மறுபடி வருகிறதா என்று பார்த்து அனுப்புங்கள்.

5. கூடா இல்லாமல் படிப்போ வேலையோ நடக்காத மாணவரைக் குறை சொல்லாதீர்கள். அவர் முன் வேறு வழி வைக்கப்படவில்லை. பூட்டு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அவருக்குக் காட்டுங்கள்.

ஐதராபாத்தில் 2005 முதல் ஸ்வேச்சா அமைப்பு கட்டற்ற மென்பொருளுக்காக உழைத்துவருகிறது. சந்தேகம் வந்தால் இத்தகைய தன்னார்வலர்களைக் கேளுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, "இதற்குக் கட்டற்ற டிரைவர் உண்டா?" என்று கேட்ட பிறகே காசை எடுங்கள்.