நாளெல்லாம் ஓர் ஆசனம்

பதுளை

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டுச் சுகமெல்லாம் எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு கேள்வியைச் செருகியிருக்கிறாய்: “சிரசாசனம் வராதவங்க யோகா டீச்சர் ஆகலாமா, டீச்சர்?” மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. இது மட்டும் முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கிறது.

எல்லவில் வெளிநாட்டுக்காரர்களுக்கு யோகா சொல்லிக்கொடுக்கப் போக நீ ஆசைப்படுவதில் ஒரு பிழையும் இல்லை. கௌரவமான தொழில்தான். ஆனால் ஒன்பது வளைவுப் பாலத்தின் முன்னால் தலைகீழாக நின்று படம் எடுக்கிறவர்களைப் பார்த்து, ஆசிரியருக்குத் தகுதி அதுதான் என்று முடிவுகட்டிவிட்டாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சிரசாசனம் வராதவர் தாராளமாக ஆசிரியர் ஆகலாம். யாருக்குச் சிரசாசனம் கொடுக்கக்கூடாது என்று தெரியாதவர்தான் ஆகக்கூடாது.

நீ உயர்தரத்தில் இந்து நாகரிகம் எடுத்தவள். அட்டாங்க யோகத்தை நான் உனக்குத் திருப்பி ஒப்புவிக்கத் தேவையில்லை. ஒரு கணக்கை மட்டும் பார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் ஆதனத்துக்குத் திருமூலர் ஒதுக்கிய பாடல்கள் 6. பிராணாயாமத்துக்கு 14. பதஞ்சலி இன்னும் சிக்கனம்: ஆசனத்தைப் பற்றி 3 சூத்திரத்தில் முடித்துவிடுகிறார். ஏறக்குறைய 15-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஹடயோகப் பிரதீபிகை விவரிக்கும் ஆசனங்களே 15தான், அவற்றிலும் பாதி உட்காருகிறவை. பிறகு இந்த வளைவும் முறுக்கும் எங்கிருந்து நம் கண்ணை நிறைத்தன? பெரும் பங்கு பி.கே.எஸ். ஐயங்கார் 1966-இல் வெளியிட்ட ஆங்கில நூலுக்கு உண்டு. ஏறக்குறைய 600 படங்கள், எல்லாம் அவரே செய்துகாட்டியவை. புரட்டியவர்கள் படத்தைப் பார்த்தார்கள், பக்கத்தில் இருந்த எழுத்தை விட்டுவிட்டார்கள். அந்த மனிதர் சிறுவயதில் காசநோயிலும் மலேரியாவிலும் அடிபட்டவர். வளைய முடியாதவர்களுக்காக நாற்காலி, கயிறு, வார், மரக்கட்டை எல்லாவற்றையும் வகுப்புக்குள் கொண்டுவந்தவரும் அவரே. அந்த நாற்காலியை யாரும் படம்பிடித்துப் போடுவதில்லை.

சரி, பயிற்சியில் என்னதான் படிப்பிக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். நீ பார்த்த விளம்பரங்களில் வரும் ‘200 மணி’ என்பது அமெரிக்காவில் 1999-இல் தொடங்கிய யோகா அலையன்ஸ் வைத்த அளவு. அது பள்ளிகளையும் ஆசிரியர்களையும் பதிவு செய்கிற அமைப்பு. உன்னை நேரில் கூப்பிட்டுப் பரீட்சை வைக்காது. அதன் திட்டத்தில் ஆசனம், மூச்சு, தியானம் முதலியவற்றின் பயிற்சிக்கு 75 மணி. வரலாறு, தத்துவம், ஒழுக்க நெறிக்கு 30. கற்பிக்கும் முறைக்கும் தொழில் நெறிக்கும் 50. உடலமைப்புக்கும் உடலியக்கத்துக்கும் 30. மிச்சத்தைப் பள்ளி தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்ளலாம். 30 மணியில் மனித உடம்பு! சென்னை அரும்பாக்கத்தில் உள்ள அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியில் பட்டப்படிப்பு ஐந்தரை வருடம். அவர்கள் வைத்தியர்கள், அந்தப் படிப்பு வேறு, ஒப்பிடக்கூடாதுதான். ஆனாலும் 30 மணிப் படிப்பை நம்பி ஒருவருடைய கழுத்தில் கைவைக்கிறோம் என்ற பயம் ஆசிரியருக்குக் கடைசி வரைக்கும் இருக்கவேண்டும். பயமில்லாதவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

அந்த 30 மணியில் எலும்பின் பெயர்களை மனனம் செய்வது சுலபமான பகுதி. படிக்கவேண்டியது பார்க்கும் பழக்கத்தை. உன் தேயிலைத் தோட்டத்திலேயே பார். கொழுந்தெடுக்கும் ஒரு அக்கா பின்னேரம் நிறுவைக்கு வந்து நிற்கும்போது, கூடையோ பையோ, கயிறு தலையில்தான் மாட்டியிருக்கும். பாரம் பின்னால் இழுக்க, தலை முன்னால் நீளும். மலைச்சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே என்று நின்று பழகி, மட்டமான தரையிலும் ஒரு பக்க இடுப்பு ஏறியே நிற்கும். பகல் முழுக்க முன்னால் குனிந்த முதுகு. அவரை மல்லாக்கப் படுக்கச் சொல். நெற்றியைவிட மோவாய் உயர்ந்து கூரையைப் பார்க்கிறதா? அப்படியானால் கழுத்தின் பின்பக்கம் இறுகிக் குறுகியிருக்கிறது. ஒரு பெட்சீட்டை நாலாக மடித்துத் தலைக்குக் கீழே வை, மோவாய் தானாக இறங்கும். மூச்சை இழுக்கும்போது தோள் காதுப் பக்கம் ஏறுகிறதா, வயிறு அசைகிறதா என்று பார். இவ்வளவும் பார்த்த பிறகு, கழுத்தின் 7 எலும்புகள் மேல் உடம்புப் பாரத்தை ஏற்றும் சிரசாசனத்தை அவருக்குக் கொடுக்க உனக்கு மனம் வருமா? இரத்த அழுத்தம் கூடியவருக்கும், கண்ணில் குளுக்கோமா உள்ளவருக்கும் தலைகீழ் ஆசனங்கள் ஆகவே ஆகாது. மூச்சை அடக்கும் கும்பகமும் அழுத்தக்காரருக்கு வேண்டாம். இரத்தசோகை உள்ளவர் படுத்த இடத்திலிருந்து சட்டென்று எழும்பினால் தலை சுற்றும். ஒருக்களித்து, கையூன்றி எழும்பப் பழக்கு. ஆசிரியர் பயிற்சியில் உருப்படியான பாடம் இதுதான் என்பேன்.

மைசூர் அரண்மனையில் 1930-களில் யோகசாலை நடத்திய திருமலை கிருஷ்ணமாச்சாரியார் பெயரை நீ கேள்விப்பட்டிருப்பாய். ஐயங்கார், பட்டாபி ஜோய்ஸ் இருவருமே அவர் மாணவர்கள். பின்னாளில் சென்னையில் அவரும் அவர் மகன் தேசிகாச்சாரும் வளர்த்த முறையில், எந்த ஆசனத்துக்கும் படிப்படியாக ஏறிப் போக ஒரு வழி உண்டு, முடிந்ததும் அதை ஈடுசெய்யும் ஒரு மாற்று ஆசனமும் உண்டு. பின்னால் வளைந்தால் பிறகு மெதுவாக முன்னால். இதை வாசித்த நாளிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம். கொழுந்தெடுக்கிறவர் காலையிலிருந்து ஒரே ஓர் ஆசனத்தில்தான் இருக்கிறார், அதுவும் பாரத்தோடு. பின்னேரம் நீ எடுக்கும் வகுப்பு முழுவதும் அந்த ஒன்றுக்கு மாற்று ஆசனமாகத்தான் இருக்கவேண்டும். மறுபடியும் குனிந்து பாதத்தைத் தொடு என்று சொல்கிறவருக்கு முன்னால் இருப்பவர் யாரென்றே தெரியவில்லை என்று அர்த்தம். மல்லாந்து படுத்து, கெண்டைக்காலைப் பெஞ்சின் மேல் போட்டுக் கொஞ்ச நேரம். பிறகு பாதங்களை ஊன்றி, மூச்சை இழுத்தபடி இடுப்பைத் தூக்கி, விட்டபடி இறக்கி, ஆறு தரம். முதல் நாளைக்கு அது போதும். எல்லவில் வருகிறவருக்கும் இதே நியாயம்தான். வருடம் முழுக்கக் கணினி முன்னால் கூனிப்போய் உட்கார்ந்த முதுகு அது. ரயிலேறி இவ்வளவு தூரம் வந்ததால் நிமிர்ந்துவிடாது.

கிருஷ்ணமாச்சாரியார் அரண்மனைக்குப் போவதற்கு முன் ஹாசன் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்த்தவர். இதைச் சொன்னால் நம் ஆட்கள் நம்பமாட்டார்கள். ரிஷிகேசத்துச் சிவானந்தரைச் சொன்னால் இன்னும் வியப்பார்கள். 1887-இல் பத்தமடையில் பிறந்த குப்புசாமி, வைத்தியம் படித்தவர், 1913-இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். செரம்பான் பக்கத்து ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை. பத்து வருடம் அந்த நாட்டில் இருந்தார். அவர் முன் பெஞ்சில் காத்திருந்தவர்கள் யார்? நம்மைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து கூட்டிப்போகப்பட்டு லயத்தில் குடியேறியவர்கள். 1923-இல் எல்லாவற்றையும் விட்டுத் திரும்பி, அடுத்த வருடமே ரிஷிகேசம் போய்ச் சந்நியாசம். 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கம். அவர் எழுதிக் குவித்த நூல்களில் ஓர் இருபதாவது என் அலமாரியில் இருக்கும். எதைத் திறந்தாலும் ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதுகிற கைதான் தெரிகிறது: இதைச் செய், இவ்வளவு நேரம் செய், இன்னார் செய்யவேண்டாம். யோகத்தைக் குகையிலிருந்து சாதாரணச் சனங்களிடம் இறக்கிய அந்த நடை தோட்டத்து ஆஸ்பத்திரிப் பெஞ்சில் பிறந்தது என்பது என் கட்சி. பண்டிதர்கள் ஒப்புவார்களோ மாட்டார்களோ, நான் விடப்போவதில்லை. அவர் சீடர் விஷ்ணுதேவானந்தர்தான் 1969-இல் மேற்கில் ஆசிரியர் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். இன்னொரு சீடர், கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சச்சிதானந்தர், 1950-களில் திருகோணமலையிலும் கண்டியிலும் ஆசிரமம் நடத்திவிட்டு அமெரிக்கா போய், அதே 1969-இல் வுட்ஸ்டாக் இசைவிழாவில் லட்சக்கணக்கானவர் முன் தொடக்க உரை ஆற்றினார். ஆகவே, யோகா நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம், எல்லவில் வெள்ளைக்காரருக்கு விற்கிற சாமான் என்று இனி யாராவது உன்னிடம் சொன்னால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

கதை நீண்டுவிட்டது. கற்பித்தல் பற்றி ஒன்று. பயிற்சியில் மற்றவர்களை வைத்து வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். செய்துகாட்டாமல், வாயால் மட்டும் சொல்லி, படுத்திருப்பவர் கண் திறக்காமலே புரிந்துகொள்ளும்படி பழகு. “வலது முழங்காலை மடக்கு, பாதம் தரையில்” என்று எளிமையாக. தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இதைச் சொல்ல உனக்கு வாய்க்கிறது. அது பாலத்துப் படக்காரர்களுக்கு இல்லாத முதல். ஒருவரைத் தொட்டுத் திருத்துவதானால் முதலில் கேள். “தொடலாமா” என்று கேட்காத ஆசிரியரிடம் நீயும் படிக்காதே.

காசு கட்டுவதற்கு முன் அந்தப் பள்ளியிடம் மூன்று விஷயம் கேட்டு எழுது. உடலமைப்புப் பாடம் எடுப்பவர் யார், என்ன படித்தவர்? பயிற்சிக் காலத்தில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, மூட்டு வலிக்காரருக்கு, கர்ப்பிணிக்கு நீ வகுப்பு எடுக்க இடம் உண்டா, பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்த ஆள் உண்டா? தவறினவர்களுக்குச் சான்றிதழ் மறுத்தது உண்டா? மூன்றாவதுக்கு முகம் சுளித்தால் அந்த இடம் வேண்டாம். பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவைப் பின்னேரத்தில் வகுப்புக்குத் தருவார்களா என்று தோட்டத்தில் கேட்கப்போவதாக எழுதியிருந்தாயே, அது என்னவாயிற்று? சான்றிதழ் வரும்வரை அங்கே வகுப்பு வேண்டாம். அம்மாவுக்கும் சித்திக்கும் வீட்டில் பெஞ்சில் கால் போடுவதை மட்டும் சொல்லிக்கொடு. பதிலை நீட்டி எழுது, படம் அனுப்பாதே.

இப்படிக்கு,
உன் டீச்சர்