குருதி ஏற்றலும் கண்காணித்தலும்

குருதிக் கொடையின் சிறப்பைப் பலரும் பேசுவர். கொடுத்த குருதி நோயாளியின் உடலிற் புகுந்தபின் யாது நிகழ்ந்தது என வினவுவோர் சிலரே. அவ்வினாவே குருதிக் கண்காணிப்பு என்னும் துறைக்கு அடிப்படையாகும்.

1901 ஆம் ஆண்டிலே வியன்னா நகரத்து அறிஞர் கார்ல் லான்ட்ஸ்டைனர், மனிதக் குருதி யாவும் ஒரே வகையினதன்று என நிறுவினார். ஒவ்வாத வகைக் குருதியை ஏற்றின், நோயாளியின் உடலிலுள்ள பிறபொருளெதிரிகள் அதன் செங்குழியங்களைச் சிதைக்கும். சிறுநீரகம் பழுதுற்று உயிரும் நீங்கலாம்.

எயிட்ஸ், ஈரலழற்சி முதலிய நோய்களின் கிருமிகளைப் பெரும்பாலும் ஆய்வுகூடப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். ஆயின், நோயாளியின் பெயர் மாறியதை அது எப்பொழுதும் காட்டாது. 1996 இல் பிரித்தானியாவிலே தொடங்கிய கண்காணிப்புத் திட்டத்துக்கு அறிவிக்கப்பட்ட நிகழ்ச்சிகளுட் பெரும்பாலானவை மனிதர் தவறுகளால் விளைந்தவையே. செல்வ நாட்டிலேயே இந்நிலையெனின், ஒரு தாதி பல நோயாளரைப் பார்க்கவேண்டிய வளர்முக நாட்டு வைத்தியசாலையில் எத்துணை விழிப்பு வேண்டும்!

செய்யத்தக்கன எளியனவே. படுக்கையருகே நோயாளியின் பெயரை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு, குருதிப் பையிலுள்ள சீட்டோடு ஒப்பிடல் வேண்டும். முதல் 15 நிமிடங்கள் மெதுவாக ஏற்றி, அருகிருந்து நோக்கல் வேண்டும். நடுக்கம், காய்ச்சல், இடுப்புவலி, மூச்சுத்திணறல் என்பன தோன்றின், உடனே ஏற்றலை நிறுத்தி, வைத்தியருக்கு அறிவித்து, பையை இரத்த வங்கிக்கு மீள அனுப்புதல் வேண்டும். இவற்றுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை.

இறுதியில், நிகழ்ந்ததை எழுதி அறிவித்தல் வேண்டும். இதுவே கடினமானது. இந்தியா 2012 டிசெம்பரிலே தொடங்கிய தேசியத் திட்டம், வைத்தியசாலைகளின் அறிக்கைகளைத் திரட்டி ஆராய்ந்து வழிகாட்டுதலை நோக்கமாகக் கொண்டது. அறிக்கை குற்றவாளியைத் தேடுங் கருவியாக மாறின், ஒருவரும் எழுதார். ஆசிரியராகிய நாம் இதனை நன்கறிவோம். பிழைக்குப் பிரம்பெடுக்கும் வகுப்பிலே மாணவர் கொப்பியை ஒளிப்பர். கொப்பி மறையுமேயன்றிப் பிழை மறையாது; அடுத்த பயிற்சியிலும் அதுவே வரும். வகுப்பிலே அதனால் இழப்பது சில புள்ளிகள். வைத்தியசாலையிலே இழப்பது ஓர் உயிர்.

2014 இல் இலங்கை, தனக்கு வேண்டிய குருதி முழுவதையும் கைம்மாறு கருதாத கொடையாளரிடமிருந்தே பெறும் நிலையை எய்தியது. கொடுப்போர் தங் கடனைச் செய்தனர். ஏற்றுவோர் தம் தவறை மறையாது எழுதுவதும், மேலதிகாரிகள் அதனைச் சினவாது படிப்பதும் அக்கொடைக்கு நாம் செலுத்தும் நன்றியாகும். வைத்தியத் துறையிற் பணிபுரியும் நம் பழைய மாணவர் இதனை மனங்கொள்வாராக.