ஒட்டவும் வேண்டும், உரியவும் வேண்டும்: மாஸ்கிங் டேப் பற்றி ஒரு பொருளறிவுப் பாடம்

வாடிக்கையாளர் கேட்ட பொருள் கடையில் இல்லையென்றால், "அது இல்லை, இது இருக்கிறது, இரண்டும் ஒன்றுதான்" என்று சொல்லி வேறொன்றை எடுத்துக் கொடுப்பது நம் வியாபாரத்தில் ஊறிப்போன பழக்கம். ஒரு ரகத் துவரம்பருப்புக்குப் பதில் வேறொரு ரகம் கொடுத்தால் சாம்பார் ஒன்றும் கெட்டுப் போகாது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று வாடிக்கையாளரும் பொறுத்துக்கொள்வார். ஆனால் எல்லாப் பொருளுக்கும் இந்தக் கணக்குச் செல்லாது. மாற்றுச் சரக்கு கொடுத்தால் வேலையே பாழாகிவிடும் பொருள்களும் உண்டு. அவற்றில் ஒன்றான மாஸ்கிங் டேப்பை இந்தப் பாடத்தில் எடுத்துக்கொள்வோம்.

மளிகையோடு ஸ்டேஷனரி, பெயிண்ட் சாமான்களும் வைத்திருக்கும் கடைகளில் இந்த டேப் தொங்குவதைப் பார்க்கலாம். இதை வாங்குவோரில் மிக நுணுக்கமாக வேலை செய்பவர்கள், விமானம், கப்பல், டாங்கி, கார் ஆகியவற்றின் சிறிய மாதிரிகளைச் செய்து வர்ணம் பூசுபவர்கள். உண்மையான விமானத்தில் 72-ல் ஒரு பங்கு, 48-ல் ஒரு பங்கு என்ற அளவில் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, பல நாட்கள் உழைத்து முடிப்பார்கள். தவறான டேப்பை ஒட்டி உரித்தால், பூசிய வர்ணம் அதோடு பெயர்ந்து வந்துவிடும். போனது சில ரூபாய் டேப் மட்டுமல்ல, அவருடைய பல நாள் உழைப்பும், நம் கடையின் பெயரும்தான்.

மாஸ்கிங் என்றால் என்ன?

வர்ணம் படக்கூடாத இடத்தை மூடி மறைத்துவிட்டு, மற்ற இடத்தில் வர்ணம் பூசுவதே மாஸ்கிங். மூடிய பொருளைப் பிறகு எடுத்துவிட்டால், இரு வர்ணங்களுக்கும் நடுவே சுத்தமான கோடு கிடைக்கும். விமான மாதிரியில் கண்ணாடிக் கூண்டின் சட்டங்கள், டாங்கியின் பச்சை, பழுப்புத் திட்டுகள், காரின் இரட்டை நிறம் எல்லாம் இப்படித்தான் வருகின்றன.

இந்த வேலைக்கு வரும் பொருளுக்கு இரண்டு எதிரெதிரான குணங்கள் வேண்டும். வர்ணம் உள்ளே கசியாதபடி இறுக்கமாக ஒட்ட வேண்டும். வேலை முடிந்ததும் அடியில் உள்ள வர்ணத்தைப் பெயர்க்காமலும் பிசினை விட்டுவைக்காமலும் முழுவதுமாக உரிந்து வர வேண்டும். பார்சல் டேப்பும் செல்லோடேப்பும் முதல் குணத்திற்காகவே செய்யப்பட்டவை. ஒட்டினால் விடக்கூடாது என்பதே அவற்றின் வேலை. மாஸ்கிங் டேப்புக்கு இரண்டாவது குணமே உயிர்.

இந்தச் சரக்கு பிறந்த கதை

அமெரிக்காவில் 1920-களில் இரட்டை நிறக் கார்கள் நாகரிகமாக இருந்தன. வர்ணம் பூசுபவர்கள் காகிதத்தைப் பசையாலும், கைக்குக் கிடைத்த ஒட்டுப் பட்டைகளாலும் ஒட்டி மறைப்பார்கள். எடுக்கும்போது புது வர்ணமும் சேர்ந்து உரிந்து வரும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மின்னசோட்டா மாநிலத்தில் உப்புக் காகிதம் தயாரித்துவந்த 3எம் நிறுவனத்தின் ஊழியர் ரிச்சர்டு ட்ரூ, சரக்கைச் சோதித்துப் பார்க்கக் கார் பட்டறைகளுக்குப் போய்வந்தபோது இந்தத் தொல்லையைக் கண்டார். தம் நிறுவனம் விற்றது உப்புக் காகிதம். வாடிக்கையாளரின் கஷ்டமோ டேப்பில் இருந்தது. 'நம் சரக்கு அதுவல்லவே' என்று அவர் ஒதுங்கிவிடவில்லை. பல சோதனைகளுக்குப் பின், 1925-ல் சுருக்கமுள்ள கிரேப் காகிதத்தில் மென்மையான பிசின் தடவிய மாஸ்கிங் டேப் வந்தது. இன்று 3எம் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது டேப்தான்.

ஜப்பானில் இன்னொரு கதை. குராஷிகி நகரத்தின் கமோய் நிறுவனம் 1923-ல் ஈ பிடிக்கும் ஒட்டுக் காகிதம் செய்யத் தொடங்கியது. காகிதத்தில் பிசின் தடவும் அந்தக் கைத்திறன் பின்னாளில் மாஸ்கிங் டேப் தயாரிப்புக்குப் பயன்பட்டது. 2006-ல், மாஸ்கிங் டேப்பைக் கைவினைக்குப் பயன்படுத்திய சில பெண்கள் தொழிற்சாலையைப் பார்க்க விரும்பி எழுதினார்கள். பட்டறைச் சரக்கை அலங்காரத்துக்கும் வாங்க ஆளுண்டு என்று நிறுவனம் புரிந்துகொண்டு, 2008-ல் வண்ண வண்ண டேப்புகளை வெளியிட்டது. வாங்குபவர் எதற்கு வாங்குகிறார் என்று அறிந்தவருக்கே அடுத்த வியாபாரம் என்பதற்கு இரண்டும் சான்று.

மறைப்புப் பொருள்களின் வகைகள்

1. சாதாரண மாஸ்கிங் டேப்: வெளிர் மஞ்சள் நிறக் கிரேப் காகிதம். விலை மலிவு. சுவர், ஜன்னல், கார் வேலைக்கு ஏற்றது. இதன் மேற்பரப்பில் சின்னச் சின்ன மடிப்புகள் உண்டு. சிறிய மாதிரியில் அந்த மடிப்புகளின் அடியே வர்ணம் கசிந்துவிடும். ஆகவே மாதிரி வேலையில் ஓரக் கோட்டுக்கு இது ஆகாது. பெரிய பரப்பை மூட மட்டுமே உதவும்.

2. ஜப்பானியக் காகித டேப்: மெல்லியது, வழவழப்பானது, மடிப்பு இல்லாதது. மாதிரி செய்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஜப்பானின் டாமியா நிறுவனம் 6, 10, 18, 40 மி.மீ. அகலங்களில் விற்கிறது. விலை கூடுதல், ஆனால் வேலை சுத்தம்.

3. வளைவு டேப்: வினைல் பிளாஸ்டிக்கால் ஆனது. இழுத்தால் நீளும், வளைந்த கோட்டுக்கு ஏற்றது. அதிகமாக இழுத்து ஒட்டினால் திரும்பச் சுருங்கி ஓரம் எழும்பிவிடும் என்பதை வாங்குபவரிடம் சொல்ல வேண்டும். எலக்ட்ரிக்கல் டேப்பும் இப்படி நீளும் என்றாலும், அதன் பிசின் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும்.

4. மறைப்புத் திரவம்: புட்டியில் வருவது. பல ரகங்கள் ரப்பர் பாலில் செய்தவை; புட்டியைத் திறந்தால் வரும் காரமான வாசனை, பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அம்மோனியாவினுடையது. குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வாசனை புதிதல்ல. தூரிகையால் பூசி, காய்ந்ததும் வர்ணம் அடித்து, பின்பு தோல் போல உரித்துவிடலாம். டேப் வெட்டி ஒட்ட முடியாத மூலை முடுக்குக்கு நல்லது. நல்ல தூரிகையை இதில் விடக்கூடாது. பழைய தூரிகையைச் சோப்பு நீரில் தோய்த்த பிறகு பயன்படுத்தினால் ரப்பர் அதிகம் பிடிக்காது.

5. ஒட்டுக் களி: சுவரில் படம் ஒட்டப் பயன்படும் மென்மையான களி. கயிறு போல உருட்டி மாதிரியின் மேல் வைத்து வர்ணம் தெளித்தால், கோடு கூர்மையாக இல்லாமல் மங்கலாகக் கலந்து வரும். ராணுவ வாகனத் திட்டுகளுக்கு இதுவே பொருத்தம்.

6. கல்லுப்பு: ஆம், நம் கடை மூட்டையிலுள்ள உப்புதான். துருப்பிடித்த தோற்றம் வேண்டுமென்றால், முதலில் துரு நிறத்தைப் பூசிக் காயவிடுவார்கள். மேலே தண்ணீர் தெளித்து, இடித்த கல்லுப்பையும் தூள் உப்பையும் தூவி, ஈரம் முழுவதும் உலர்ந்த பின் மேல் வர்ணத்தை மெல்லிய பூச்சாகத் தெளிப்பார்கள். அது காய்ந்ததும் தூரிகையால் தேய்த்துத் தண்ணீரில் கழுவினால் உப்பு போய்விடும். உப்பு இருந்த இடமெல்லாம் வர்ணம் உதிர்ந்து துரு தெரிவது போலத் தோன்றும். கையில் இருக்கும் சரக்கின் புதிய பயனைச் சொல்வதும் வியாபாரமே.

செய்முறை

வாங்குபவர் "எப்படி ஒட்டுவது?" என்று கேட்டால் சொல்ல வேண்டியவை:

முதலில் பிளாஸ்டிக் பாகங்களைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்த வேண்டும். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசையும் கை எண்ணெயும் இருந்தால் வர்ணமே பிடிக்காது. உரியும்போது பழி டேப் மேல் விழும்.

அடி வர்ணம் நன்றாகக் காய வேண்டும். அக்ரிலிக் என்றால் ஓர் இரவு, எனாமல் என்றால் ஒன்றிரண்டு நாள் விடுவது நல்லது. தொட்டால் ஒட்டவில்லை என்பதற்கும் உள்ளே காய்ந்துவிட்டது என்பதற்கும் வித்தியாசம் உண்டு. பொதுவாக வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு.

டேப்பைச் சுத்தமான கண்ணாடி மேல் ஒட்டி, ஓரத்தைப் புதிய பிளேடால் வெட்டிவிட வேண்டும். சுருளின் ஓரத்தில் தூசி படிந்திருக்கும்; அந்த ஓரத்தை அப்படியே பயன்படுத்தினால் கோடு சுத்தமாக வராது. கண்ணாடியில் ஒருமுறை ஒட்டி எடுப்பதால் பிசின் வேகமும் சற்றுக் குறையும்.

ஒட்டிய பின் ஓரத்தைப் பல் குத்தும் குச்சியால் அழுத்த வேண்டும். பிறகு அடி வர்ணத்தையே ஓரத்தின் மேல் மெல்லியதாக ஒருமுறை பூச வேண்டும். கசிந்தாலும் அதே நிறம்தானே கசியும்; இடுக்கும் அடைபட்டுவிடும். அதன் மேல் புது நிறத்தை மெல்லிய பூச்சுகளாகப் பூச வேண்டும். ஒரே தடவையில் தடிமனாகப் பூசினால் கசியும். உரித்த பின் ஓரத்தில் வரப்பு போல மேடும் நிற்கும். பெரிய பரப்பை மூடச் செய்தித்தாளை வைத்தால் வர்ணம் ஊறி இறங்கும். பிளாஸ்டிக் தாளே மேல்.

புது வர்ணம் தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும் டேப்பை எடுத்துவிடலாம். நேர் மேலாக வெடுக்கென்று இழுக்கக்கூடாது. டேப்பை அதன் முதுகின் மேலேயே மடித்து, மெதுவாகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். நாள்கணக்கில் ஒட்டியே விட்டுவைத்தால் பிசின் இறுகிவிடும்.

பிசின் கறை நின்றுவிட்டால், புதிய டேப் துண்டை ஒற்றி ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். நகப்பூச்சு நீக்கியைக் கொடுத்துவிடாதீர்கள். அவற்றில் பலவற்றிலும் இருக்கும் அசிட்டோன், மாதிரியின் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

கடையில் பாதுகாப்பது

மாஸ்கிங் டேப் கெட்டுப்போகாத சரக்கு என்று நினைப்பது தவறு. ரப்பர் பிசின் வெயிலாலும் சூட்டாலும் காற்றாலும் முதுமையடையும். பழைய சுருளை இழுத்தால் காகிதம் குறுக்கே கிழியும். ஒட்டினால் பிசின் மட்டும் பொருளோடு நின்றுவிடும். ஆகவே:

வாசலில் வெயில் படும்படி தொங்கவிட வேண்டாம். சுருளைப் படுக்கவைத்து, பிளாஸ்டிக் உறையோடு நிழலில் வையுங்கள். மாவு, மிளகாய்த்தூள் நிறுக்கும் இடத்தருகிலும் எண்ணெய் டின் அருகிலும் வைக்காதீர்கள். பிசின் ஓரம் தூளைப் பிடித்துக்கொள்ளும்; எண்ணெய் பட்டால் ஒட்டாது. சரக்கு வந்த தேதியை அட்டைப்பெட்டியில் எழுதி, முதலில் வந்ததை முதலில் விற்றுவிடுங்கள். மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று இரண்டு வருடத்துக்கான ஸ்டாக் எடுப்பது இந்தச் சரக்கில் லாபமாகாது. வாங்கும்போது லேபிளில் அகலம், நீளம், விலை, தயாரித்த மாதம் உள்ளனவா என்றும் பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரு சாண் டேப்பைக் கண்ணாடி அலமாரியில் ஒட்டி, ஓர் இரவு விட்டு மறுநாள் உரித்துப் பாருங்கள். கண்ணாடியில் பிசின் நின்றால் அந்தச் சுருள் வர்ண வேலைக்கு உதவாது. அதை அட்டைப்பெட்டி கட்டவும் பெயர் எழுதி ஒட்டவும் நம் கடை வேலைக்கே வைத்துக்கொள்ளலாம்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

"மாஸ்கிங் டேப் இருக்கிறதா?" என்று கேட்பவரிடம் சுருளை நீட்டுவதற்கு முன் மூன்றே கேள்விகள் கேளுங்கள். எதன் மேல் ஒட்டப் போகிறீர்கள்? அதில் என்ன வர்ணம், எப்போது பூசியது? எவ்வளவு நேரம் ஒட்டி வைப்பீர்கள்? இந்தப் பதில்களை வைத்து எந்த ரகம் என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். அந்த ரகம் நம்மிடம் இல்லையென்றால், இல்லை என்றே சொல்லிவிடுங்கள். எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். "இதையே ஒட்டுங்கள், ஒன்றும் ஆகாது" என்று செல்லோடேப்பைக் கொடுத்து வரும் லாபம் ஒருநாள் லாபம். உள்ளதைச் சொல்லி அனுப்பினால், அடுத்த முறை வர்ணத்துக்கும் தூரிகைக்கும் அவர் நம்மிடமே வருவார்.

நினைவில் கொள்க

சாதாரண டேப் பரப்பை மூட, ஜப்பானியக் காகித டேப் ஓரக் கோட்டுக்கு, வினைல் டேப் வளைவுக்கு, திரவம் மூலைக்கு, களி மங்கலான ஓரத்துக்கு, உப்பு துருத் தோற்றத்துக்கு.

இந்த வாரமே நம் கடையில் தொங்கும் சுருள்களில் மிகப் பழையதை எடுத்துக் கண்ணாடிச் சோதனை செய்து பார்ப்போம். உரியாததை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டு, நல்லதை மட்டும் விற்போம்.